திரையின் துடிப்பும் கண்ணின் பொறுமையும்

எழுத்தின் ஒலியளவை வரையறுக்க முற்பட்ட தொல்காப்பியர் அதற்கென வேறு கருவி எதனையும் நாடவில்லை. கண் இயல்பாக இமைக்கும் பொழுதையும் கைவிரல் நொடிக்கும் பொழுதையுமே மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். மனிதனின் உடலே காலத்தை அளக்கும் கோலாக விளங்கிய காலம் அது. அக்கோல் இக்காலக் கணினித் திரையின் முன் சிறிது நாணி நிற்கிறது. ஒருவர் ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் அவர் முன்னுள்ள திரையில் ஒரே படம் பத்து முறைக்கு மேலும் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு விடக்கூடும். ஒரு நொடிக்கு எத்தனை முறை அவ்வாறு எழுதப்படுகிறதோ அந்த எண்ணிக்கையே திரையின் புதுப்பிப்பு வீதம் எனப்படுகிறது. ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அதனைக் குறிப்பர்.

1990களின் பிற்பகுதியில் பள்ளிகளில் கணினி அறைகள் எழுந்தபோது மேசைகளின் மீது அமர்ந்திருந்தவை கனத்த கண்ணாடிப் படக்குழாய்த் திரைகள். அக்கணினிகளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு 60, 70, 72, 75, 85 என எண்களின் வரிசையொன்று காட்சியளித்தது. எதனைத் தேர்வது என்று எவரும் கற்பிக்கவில்லை. மாற்றினால் பொறி பழுதாகிவிடுமோ என்னும் அச்சமும் இருந்தது. ஆகவே பெரும்பாலான திரைகள் 60 என்னும் எண்ணிலேயே நின்றன. அவற்றின் முன் அமர்ந்த மாணவர்கள் அரைமணி நேரத்தில் கண்ணைக் கசக்கத் தொடங்கினர். விளையாட்டு நாட்டமென்றும் சோம்பலென்றும் அதற்குப் பெயரிடப்பட்டது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை முடிவு செய்தவர் யார், கண்ணின் சொல் அதில் எப்போது எடுபட்டது என்பவற்றை ஆராய்ந்தால், கண்ணின் முறையீடு மிகவும் காலந்தாழ்ந்தே செவிமடுக்கப்பட்டது என்பது தெளிவாகும்.

விட்டுவிட்டு வரும் ஒளியைக் கண் எவ்வாறு தொடரொளியாகக் கொள்கிறது என்னும் ஆராய்ச்சி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசப் பிளாட்டோ ஒளியின் பதிவு கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை 1829-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். 1832-இல் அவர் அமைத்த சுழல்தட்டு, வரைந்த உருவங்களை அசைவனபோல் காட்டியது. கண்ணை ஆராய்ந்த அப்பெருமகன் 1843-ஆம் ஆண்டளவில் தம் இரு கண்களின் ஒளியையும் முற்றும் இழந்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. இளமையில் அவர் சூரியனை உற்று நோக்கியதே காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டது. பிற்கால மருத்துவர் அது கண்ணழற்சி நோயாகவே இருக்கலாம் என்பர். பார்வை போன பின்னரும் குடும்பத்தாரின் கண்களைத் துணையாகக் கொண்டு சோப்புப் படலங்களைப் பற்றிய ஆய்வினைப் பல்லாண்டு நடத்தினார் அவர்.

எத்தனை முறை ஒளி விட்டு வந்தால் கண் அதனைத் தொடரொளியாக ஏற்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை என்பதைக் காட்டியவர்கள் பின்வந்தோர். அமெரிக்கரான ஃபெர்ரி 1892-இலும், இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் அறிவியல் கற்பித்த ஆசிரியரான போர்ட்டர் 1902-இலும் வெளியிட்ட ஆய்வுகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. ஒளி மங்கலாயின் குறைந்த எண்ணிக்கையே போதும். ஒளி கூடக்கூட எண்ணிக்கையும் கூட வேண்டும். ஒளி பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவு உயரும் என்பது அவ்விதியின் சாரம். பள்ளி ஆசிரியர் ஒருவர் கருப்பும் வெள்ளையும் தீட்டிய தட்டுகளைச் சுழற்றிக் கண்ட இவ்வுண்மை இக்கட்டுரை நெடுகிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். இத்துடன் இன்னொன்றையும் இணைத்துக் கொள்ளல் வேண்டும். நேரே நோக்கும் பார்வையைவிடக் கடைக்கண் பார்வையே சிமிட்டலை விரைந்து உணர்கிறது. திரை பெரிதாகும்தோறும் அதன் ஓரங்கள் கடைக்கண்ணின் எல்லைக்குள் புகுந்துவிடுகின்றன.

அறிவியல் இவ்வாறு கூறிக்கொண்டிருக்க, வணிகம் தன் வழியே சென்றது. எடிசனின் கூடத்தில் உருவாகி 1890களில் காட்சிக்கு வந்த கினெட்டோஸ்கோப் என்னும் பெட்டி, ஒருவர் குனிந்து பார்க்கத்தக்கது. அதில் நொடிக்கு ஏறத்தாழ 46 படங்கள் ஓடின. கண்ணுக்கு அது இதமானது. ஆனால் படச்சுருளை அது விழுங்கியது. 1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிசில் கட்டணக் காட்சி நடத்திய லூமியேர் உடன்பிறப்புகள் நொடிக்கு 16 படங்களோடு நிறுத்திக்கொண்டனர். சுருள் மிச்சமாயிற்று, திரையோ சிமிட்டியது. ஆங்கிலத்தில் திரைப்படத்திற்குச் சிமிட்டல் என்னும் பொருளுடைய கேலிப்பெயரே வழங்கலாயிற்று.

இதற்குக் கண்ட தீர்வு விந்தையானது. சிமிட்டலைக் குறைக்க இருளைக் கூட்டினர். ஒரு படம் நகர்ந்து அடுத்த படம் வரும்வரை ஒளியை மறைக்கும் சுழல்தகட்டில், ஓர் இதழுக்குப் பதிலாக மூன்று இதழ்களை வைத்தனர். ஒரே படம் மும்முறை மறைந்து மும்முறை தோன்றியது. 16 படங்கள் 48 ஒளித்துடிப்புகள் ஆயின. படத்தின் எண்ணிக்கை வேறு, ஒளித்துடிப்பின் எண்ணிக்கை வேறு என்னும் வேறுபாடு அன்றுதான் தொழிலில் இடம்பெற்றது. அசைவை உணர 16 போதும். அமைதியாகக் காண 16 போதாது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது ஒலிக்காகப் படவேகம் 24 என நிலைபெற்றது. இரண்டு இதழ்த் தகடே போதுமாயிற்று. துடிப்பு மீண்டும் அதே 48. இருண்ட அரங்கின் மங்கிய திரையில் கண் அதனைப் பொறுத்துக்கொண்டது. ஃபெர்ரியும் போர்ட்டரும் கண்ட விதியின்படி அது இயல்பே.

தொலைக்காட்சியின் கதை வேறு. ஜான் லோகி பேர்டு தொடக்கத்தில் காட்டிய படம் 30 வரிகளும் நொடிக்குப் பன்னிரண்டரைப் படங்களும் கொண்டது. 1936 நவம்பரில் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பு தொடங்கியபோது இருவேறு முறைகள் மாறிமாறிப் போட்டியிட்டன. பேர்டின் முறையில் 240 வரிகள், நொடிக்கு 25 முழுப் படங்கள். மார்க்கோனி - இ.எம்.ஐ. முறையில் 405 வரிகள். அவற்றில் ஒற்றைப்படை வரிகள் ஒருமுறையும் இரட்டைப்படை வரிகள் மறுமுறையுமாக நொடிக்கு 50 அரைப் படங்கள். நெசவில் ஊடு இழை மேலும் கீழும் புகுவதுபோல் வரிகள் ஒன்றிடைவிட்டு அமைந்தன. அனுப்ப வேண்டிய செய்தியின் அளவைக் கூட்டாமலே ஒளித்துடிப்பு இருமடங்காயிற்று. பேர்டின் திரை கண்ணை உறுத்தியது. 1937 பிப்ரவரியில் அம்முறை கைவிடப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் கண்ணின் வாக்கும் அவற்றுள் ஒன்று எனலாம்.

இந்த 50 என்னும் எண்ணைக் கண் தேர்ந்ததா? இல்லை. மின்னிலையம் தேர்ந்தது. மின்னோட்டத்தின் சுற்றெண்ணும் படத்தின் துடிப்பெண்ணும் வேறுபட்டால், மின்னோட்டத்தின் கசிவு கருநிறப் பட்டையாகத் திரையில் மெல்ல ஊர்ந்து செல்லும். அதனைத் தவிர்க்கவே மின்னோட்டம் எத்தனையோ அத்தனையே துடிப்பும் என வைத்தனர். ஐரோப்பாவில் மின்னோட்டம் 50; ஆகவே தொலைக்காட்சியும் 50. அமெரிக்காவில் மின்னோட்டம் 60; ஆகவே 1941-இல் வகுத்த தொலைக்காட்சி முறையும் 60. அமெரிக்கரின் கண் ஐரோப்பியரின் கண்ணைவிட நுட்பமானது என்பதன்று. 1890களில் மின்னாக்கிகளை அமைத்த நிறுவனங்களின் முடிவு அது.

ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே மலாயாவும் சிங்கப்பூரும் 50 சுற்று மின்னோட்டத்தைப் பெற்றன. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15-ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாளும் தொலைக்காட்சி தொடங்கியபோது 625 வரிகளும் 50 அரைப் படங்களும் கொண்ட முறையே இங்கு நிலைபெற்றது. (பாரிசில் படம் காட்டிய அதே டிசம்பர் 28 இங்கும் அமைந்தது தற்செயலே.) 2019-இல் பழைய ஒளிபரப்பு இரு நாடுகளிலும் நிறுத்தப்படும்வரை வீட்டுத் திரைகள் அந்த எண்ணுக்கே துடித்தன.

தொலைக்காட்சியை நெருங்கி அமர்ந்த பிள்ளைகளை நோக்கித் "தள்ளி உட்கார், கண் கெட்டுவிடும்" என்று அன்னையர் கடிந்ததை அக்காலத்தில் வளர்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கண் கெடும் என்பது மிகை. ஆயினும் அவ்வறிவுரை வெறும் அச்சமன்று. தொலைவிலிருந்து காண்பார்க்கு அரைப் படங்கள் கலந்து 50 துடிப்பாகத் தோன்றும். மிக நெருங்கியவர்க்கோ தனித்தனி வரிகளே புலப்படும். ஒரு வரி நொடிக்கு 25 முறைதான் எழுதப்படுகிறது. ஒளிச்சிமிட்டலால் வலிப்பு வரும் இயல்புடைய சிலர்க்கு அந்த 25 தீங்கானது என மருத்துவர் கண்டுள்ளனர். அன்னையர் விதி அறியாமலே விளைவை அறிந்திருந்தனர்.

கணினித் திரை இக்கதைக்குள் நுழைந்தபோது தொலைக்காட்சியின் படக்குழாயையே தன்னுடன் கொண்டுவந்தது. ஆனால் பயன்படுத்தும் முறை முற்றிலும் மாறியது. தொலைக்காட்சியை மூன்று மீட்டர் தள்ளியிருந்து பார்ப்பர்; கணினியை ஒரு கை நீளத்தில் வைத்துப் படிப்பர். தொலைக்காட்சிப் படம் அசையும். எழுத்தோ அசையாது நிற்கும். தொலைக்காட்சியை வேண்டாதபோது அணைக்கலாம். தட்டெழுத்தரும் வங்கி எழுத்தரும் நாள்முழுதும் திரையை நோக்கியே தீர வேண்டும். வேறுபாடு இவ்வளவு இருந்தும் பழைய எண்களே புதிய வேலைக்கும் வந்தன.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் ஒருநிறத் திரை நொடிக்கு 50 முறையே எழுதியது. எனினும் அது பலருக்கும் இதமாகவே இருந்தது. காரணம், கருந்திரையில் பச்சை எழுத்து. அதிலும் எழுதிய பின்னர்ச் சற்று நேரம் ஒளிவிட்டுக்கொண்டே இருக்கும் பூச்சு. அடுத்த முறை எழுதப்படும்வரை எழுத்து அணையாமல் காத்தது அப்பூச்சு. அதற்கு ஒரு விலையும் உண்டு. பக்கத்தை நகர்த்தினால் பழைய வரிகள் ஆவிபோல் திரையில் தங்கி மறையும். அசையாத எழுத்துக்கு ஏற்றது அசையும் படத்திற்கு ஏற்கவில்லை.

பின்னர்க் கணினித் துறை தாளைப் பின்பற்ற விரும்பியது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் வெண்திரையில் கரிய எழுத்தைக் காட்டியது. ஒன்பது அங்குலச் சிறு திரையாதலின் 60 துடிப்பு ஒருவாறு தாங்கியது. ஆனால் அவ்வெண்மை 15, 17 அங்குலத் திரைகளில் பரவியபோது போர்ட்டரின் விதி தன் கடனைக் கேட்டது. ஒளி கூடிற்று, திரை கடைக்கண்ணைத் தொட்டது, 60 போதாதாயிற்று. இதற்கிடையே 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட உயர்நுண்மைத் திரை, 1024-க்கு 768 புள்ளிகளைக் காட்டுவதற்காகத் தொலைக்காட்சியின் ஒன்றிடைவிட்ட முறையைக் கடன் வாங்கியது. நொடிக்கு 87 அரைப் படங்கள் என்பது கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு புள்ளி அகலக் கோடு ஒன்று ஏதேனும் ஓர் அரைப் படத்தில் மட்டுமே வரும். ஆகவே அது நொடிக்கு 43 முறைதான் எரியும். கணக்கேட்டின் கிடைக்கோடுகள் துள்ளின. எண்ணைப் பெரிதாகக் காட்டிக் கண்ணை ஏமாற்ற முயன்ற முறை அது என்றால் மிகையாகாது.

திரையை ஆக்கியவர்கள் மட்டும் இதனைத் திருத்தினர் அல்லர். அதன் முன் அமர்ந்தவர்களின் முறையீடே திருத்தத்தை விரைவுபடுத்தியது. சுவீடன் நாட்டில் எழுத்தர், செவிலியர் முதலிய அலுவலர்களின் சங்கங்கள் இணைந்த டி.சி.ஓ. என்னும் கூட்டமைப்பு உண்டு; ஆசிரியர் சங்கமும் அதில் உறுப்பு வகித்தது. கண்வலி, தலைவலி, கழுத்துவலி என உறுப்பினர் கூறியவற்றைத் தொகுத்து, 1980களில் திரைகளைச் சோதிக்கும் வழிகாட்டியொன்றை அது வெளியிட்டது. 1992-இல் தன் முத்திரையை ஏற்படுத்தியது. முதலில் மின்காந்த வெளிப்பாடும் மின்சிக்கனமும் கருதப்பட்டன. 1999-ஆம் ஆண்டின் முத்திரை படக்குழாய்த் திரைகளுக்குக் குறைந்தது 85 துடிப்பை வேண்டியது. முத்திரையில்லாத திரையை வாங்க அலுவலகங்கள் தயங்கின; தயங்கவே, உலகெங்குமுள்ள ஆலைகள் அவ்வளவைக் கைக்கொண்டன. இங்கும் 1990களில் செரம்பானிலும் ஷா ஆலத்திலும் படக்குழாய் ஆலைகள் இயங்கின. இதற்கு முன்னரே 1990-இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த நெறிமுறை, பணியிடத் திரையின் படம் அசைவின்றியும் சிமிட்டலின்றியும் இருத்தல் வேண்டும் எனக் கூறியிருந்தது. ஆனால் அந்நெறி எண் எதனையும் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னது தொழிலாளர் கூட்டமைப்பே. படச்சுருளின் விலையும் மின்னிலையத்தின் சுழற்சியும் வகுத்த வரிசையில், உழைப்பவரின் கண்ணை முன்னிறுத்திச் சேர்ந்த எண் 85.

அப்படியாயின் எல்லாத் திரைகளையும் மிகப்பெரிய எண்ணில் வைத்துவிடலாமே என்று மாணவர் வினவுவர். அங்குதான் தேர்வு என்பது பொருள் பெறுகிறது. 1024-க்கு 768 புள்ளிகள் கொண்ட படத்தை 60 முறை எழுத, படக்குழாயின் மின்கற்றை நொடிக்கு ஏறத்தாழ 48,400 வரிகள் ஓட வேண்டும். 85 முறை எழுத 68,700 வரிகள். பள்ளிகள் வாங்கத்தக்க விலையில் கிடைத்த 15 அங்குலத் திரைகள் பலவற்றின் எல்லை 54,000 வரிகளே. எனவே அத்திரையில் நுண்மையான படம் வேண்டுமெனின் 60 துடிப்பைப் பொறுத்தாக வேண்டும். 800-க்கு 600 என நுண்மையைக் குறைத்துக்கொண்டால் 85 கிட்டும். அதற்கு 53,700 வரிகளே தேவை. எழுத்து சற்றுப் பெரிதாகவும் புள்ளிகள் தெரியும்படியும் அமையும். ஆனால் அமைதியாக நிற்கும். நாள்தோறும் படிக்கும் சிறுவர்க்கு இரண்டாவதே ஏற்றது என்பதில் ஐயமில்லை. விற்பனையாளர் பெருமையாகக் காட்டியது முதலாவதை.

எல்லையின் ஓரத்தில் இயக்கினால் வேறொரு குறையும் உண்டு. மலிவான திரையில் துடிப்பை உச்சத்திற்கு ஏற்றினால் எழுத்தின் விளிம்பு மழுங்கும். சிமிட்டலிலிருந்து தப்பிய கண் மங்கலில் அகப்படும். ஆதலால் 85-இல் எழுத்து மழுங்கிய திரையை 75-இல் வைப்பதே அறிவுடைமை. எல்லை கடந்த எண்ணைக் கொடுத்தால் பொறி பழுதாகும் என்ற அச்சம் பழைய திரைகளைப் பொறுத்தவரை மெய்யானதே. 1994-க்குப் பின் திரையே தன் எல்லையைக் கணினிக்கு அறிவிக்கும் வழி ஏற்பட்டு அது நீங்கலாயிற்று.

கருவியின்றிச் சோதிக்கும் வழியும் இருந்தது. திரையை வெண்ணிறமாக்கி, அதனை நேரே நோக்காமல், அதற்கு மேலுள்ள சுவரை நோக்க வேண்டும். கடைக்கண்ணில் திரை நடுங்கினால் எண் போதாது. ஒருவர்க்கு நடுங்கும் திரை மற்றொருவர்க்கு அசையாது நிற்கும். ஆசிரியர்க்குத் தெரியாத சிமிட்டல் மாணவர்க்குத் தெரியலாம். எண்ணைக் கூட்ட இயலாத திரையில் ஒளியைக் குறைப்பதும் ஒரு வழியே. ஒளி குறையின் தேவையான துடிப்பும் குறையும் என்பது 1902-இலேயே அறிந்த செய்தியன்றோ?

அறையின் விளக்கையும் கருத வேண்டும். பழைய குழல்விளக்குகள் 50 சுற்று மின்னோட்டத்தில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண் அதனைச் சிமிட்டலாக உணர்வதில்லை. எனினும் 1989-இல் பிரிட்டனில் அலுவலகமொன்றில் நிகழ்ந்த ஆய்வில், அவ்விளக்குகளுக்குப் பதிலாக மிகுவிரைவுத் துடிப்புடைய விளக்குகளை அமைத்தபோது தலைவலியும் கண்சோர்வும் பாதிக்கும் மேலாகக் குறைந்தன என வில்கின்சும் துணைவர்களும் எழுதினர். காணாத துடிப்பும் உடலைத் தீண்டும் என்பதற்கு அது சான்று. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்னும் மேற்பார்வையாளரின் சொல் இதனால் வலுவிழக்கிறது.

2000-க்குப் பிந்திய பத்தாண்டில் தட்டைத் திரைகள் பரவிப் படக்குழாயை ஒதுக்கின. அவற்றின் புள்ளி அடுத்த கட்டளை வரும்வரை தன் நிலையிலேயே நிற்கும், இடையில் இருளில்லை. ஆகவே படிப்பதற்கு 60 போதும். 120, 144 என்னும் எண்கள் இப்போது அசைவின் வழுவழுப்புக்கானவை. விளையாட்டிலும் விரைந்து நகரும் பக்கத்திலும் அவற்றின் நலம் தெரியும், அசையாத பாடப்பக்கத்தில் தெரியாது. ஆயினும் சிமிட்டல் வேறு வாயிலால் புகுந்தது. ஒளியை மங்கவைக்கும்போது, சில திரைகள் பின்னுள்ள விளக்கை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து ஏற்றுகின்றன. வெண்திரையின் முன் பென்சிலை விரைந்து ஆட்டினால் அது தொடர்ந்த நிழலாகத் தோன்றாமல் தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரியும். போர்ட்டரின் சுழல்தட்டைப் போன்றே வகுப்பறையில் எளிதில் செய்து காட்டத்தக்க சோதனை இது. அத்தகைய திரையின் ஒளியை முழுமைக்கு அருகில் வைத்தால் அணைப்பு குறையும். படக்குழாய்க்குச் சொன்னதற்கு நேர்மாறான அறிவுரை.

புதிய தட்டைத் திரையொன்றை வாங்கி இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் 60 என்னும் எண்ணே முதலில் நிற்கிறது. அத்திரையில் மின்கற்றை இல்லை. ஒளிரும் பூச்சு இல்லை. மின்னோட்டத்தின் சுற்றெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மின்னாக்கிகளுக்கு வகுத்த அந்த எண், 50 சுற்று மின்னோட்டம் பாயும் இந்நாட்டுப் பள்ளி மேசையின் மீதும் இன்னும் எழுதப்பட்டிருக்கிறது.